துரை போட்ட கையெழுத்து

நான் வேலை செய்யும் அலுவலகம் ஈப்போவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. வடிகால்களுக்கு வரைபடம் வரைவது என் வேலை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மாணவர்கள் படியேறி வருவார்கள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்களின் ஃபோட்டோஸ்டாட் பிரதிகள். எங்கள் பொறியாளர் அரசாங்கத்தில் உயர்நிலை அதிகாரி. பிரதி அசலோடு ஒத்திருக்கிறது என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் உண்டு. என் மேசை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள் முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, நான் டெக்னீஷியன். உள்ளே கைகாட்டி அனுப்பிவிட்டு வரைபலகைக்குத் திரும்புவேன்.

நான் பொறியாளராக ஆகாமல் டெக்னீஷியனாக இருப்பதற்கும் இப்படி ஒரு கையெழுத்துதான் காரணம்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, படித்தேன். எங்கள் தோட்டம் கோப்பெங்குக்கும் சிம்பாங் பூலாய்க்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர் மரம் சீவினார்கள். நான் பஸ் ஏறி ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்வந்தேன். அறிவியல் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு நெருங்கிய தோழி. அவள் குடும்பத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவளுடைய அப்பா அரசாங்கத்தில் பொறியாளர். கோலாலம்பூரில் ஒரு கல்லூரி, ஐந்தாம் படிவம் முடித்தவர்களை நேரடியாகப் பொறியியல் டிப்ளோமாவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். டிப்ளோமா முடித்து நல்ல மதிப்பெண் இருந்தால் அங்கேயே பட்டப் படிப்பைத் தொடரலாம் என்றார். நாங்கள் இருவரும் கட்டுமானப் பொறியியலுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தோம். அதற்கு முன் படிப்பதற்கென்று ஒரு மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் அரிசித் தகரத்தின் மேல் பலகை வைத்து எழுதுவேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது அப்போதே என் பழக்கம். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிவைப்பேன். இயற்பியலில் மீண்டும் படிக்க வேண்டிய பாடங்கள், கணக்கில் தவறிய இடங்கள், விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்கள். தோழி என் பட்டியல்களைப் பார்த்துச் சிரிப்பாள். "நீ கலியாணம் கட்டினாலும் மாப்பிள்ளைக்கு நம்பர் போட்டுத்தான் வைப்பாய்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மழை பலமாகப் பெய்தது. பஸ் இருக்குமோ இருக்காதோ என்று அப்பா என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். மதியம்வரை மரம் சீவிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவர். அவர் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அன்று அந்த வீட்டுக்குப் புல் வெட்டும் ஆள் வர வேண்டிய நாள். தோழியின் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பின்பக்கத்தாலை போங்கோ, அங்கைதான் புல்லு கூட வளர்ந்து கிடக்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்பா மறுத்துப் பேசவில்லை. பின்பக்கம் போய்க் குழாயடிக்குப் பக்கத்தில் கூரைக்கு அடியில் நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்துக் கை கழுவப் போன நான்தான் அவரைப் பார்த்தேன். புல்லைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

தோழியின் அம்மா பதறிப்போனார். பல தடவை மன்னிப்புக் கேட்டார். உள்ளே உட்காரச் சொல்லி, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கோப்பையில் தேநீர் கொடுத்தார். அப்பா நன்றி சொல்லி வாங்கி, நின்றபடியே குடித்தார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு, "அந்தம்மா மேல தப்பில்ல. ஆளப் பாத்தா அப்பிடித்தான் நெனப்பாங்க" என்றார். அதன் பிறகு என்னைக் கூட்டிப்போக அவர் ஈப்போவுக்கு வந்ததில்லை. மழை பெய்தால் பெரிய சாலையில், பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு காத்திருப்பார்.

விண்ணப்பப் பாரம் எங்களுக்குத் தாமதமாகக் கிடைத்தது. தோட்டத்துத் தொழிலாளிகளுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். கிராணிக்கு, அதாவது ஆபிஸ் கணக்கருக்கு, நேரம் கிடைக்கும்போது எடுத்துக் கொடுப்பார். என் பாரம் என் கைக்கு வந்தபோது தேர்வுகள் முடிந்து பள்ளியும் மூடிவிட்டது. தலைமையாசிரியை விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் பிரதிகளில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்.

வேண்டிய தாள்களை அப்பாவுக்கு வரிசையாகச் சொன்னேன். சூராட் பெரானாக் என்கிற பிறப்புச் சான்றிதழ், மூன்றாம் படிவச் சான்றிதழ், பள்ளி கொடுத்த நற்சான்று, அடையாள அட்டை, அப்பாவின் சம்பளச் சீட்டு, படங்கள். முதல் ஐந்துக்கும் பிரதி எடுத்து, ஓர் அரசாங்க உயர் அதிகாரியோ வட்டாரத் தலைவரான பெங்ஹூலுவோ சமாதான நீதிபதியோ கையெழுத்திட வேண்டும் என்று பாரத்தில் போட்டிருந்தது. அப்பாவுக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் நான் சொன்ன வரிசையை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டார். மரத்துக்குப் போகும் வழியில் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார் என்று அம்மா சொல்லிச் சிரித்தார். இந்த விண்ணப்பத்தில் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

விடுமுறையில் நான் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புந்தோங்கில் அம்மாவின் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். நாங்கள் பேசிவைத்தது இதுதான்: சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை அப்பா நான் நிரப்பிவைத்த பாரத்தையும் அசல் தாள்களையும் ஈப்போவுக்குக் கொண்டுவருவார், நான் அவற்றை எடுத்துக்கொண்டு தோழியின் அப்பாவிடம் போவேன். அவர் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தபாலில் போட்டால் கடைசி நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா துணிக்கடைக்கு வந்தார். நல்ல சட்டை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. கையில் பை இல்லை. சட்டைப் பையிலிருந்து ரிஜிஸ்டர் தபாலின் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சி. நேத்தே கோப்பெங் போஸ்டாபிசுல போட்டுட்டேன்" என்றார்.

யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன்.

"நம்ம தொரைதான். போயி கேட்டதும் ஒக்காரச் சொன்னாருலா. ஆபிசுலயே காப்பி எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்னாப் பாத்து அவரே சீல் குத்தினாரு. ஒன்னப் பத்திக் கூட கேட்டாரு, எந்தப் பாடத்துல கெட்டின்னு."

எங்கள் தோட்டத்து மேனேஜரைத்தான் துரை என்றார். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்தவர், பினாங்குச் சீனர். ஆனாலும் அந்தப் பெயர் மாறவில்லை. தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக அவருடைய சீட்டு வேண்டும். லயத்தில் உறவினர் வந்து தங்க அவருடைய அனுமதி வேண்டும். போலீஸ் வந்தாலும் முதலில் பங்களாவுக்குப் போய்விட்டுத்தான் லயத்துக்கு வரும். தவணையில் சைக்கிள் வாங்கவும் அவர் கையெழுத்துத்தான் ஜாமீன். அப்பா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். அத்தனை வருடத்தில் தனக்கென்று துரையிடம் எதையும் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார், துரை மறுக்காமல் கொடுத்திருக்கிறார். அந்த மகிழ்ச்சி முகத்தில் அப்படியே இருந்தது.

"பாரத்துல கவர்மெண்டு ஆபிசர்னு போட்டிருந்துச்சிப்பா" என்றேன்.

"தொரைய விட பெரிய ஆபிசரு யாரு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்டு வாசல்ல போயி நிக்க வேணாம்னு பாத்தேன். நமக்கு இங்கயே ஆளு இருக்கப்ப எதுக்கு?" என்றார்.

கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். பாரம் ஒன்றே ஒன்றுதான், அது தபாலில் போய்விட்டது. புதிய பாரம் வரவழைக்க நாள் இல்லை. இவை மூன்றையும் மனத்துக்குள் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நான்காவதாக ஒன்றும் வரவில்லை. அப்பாவை எதிர்க் கடையில் உட்காரவைத்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு சாப்பிட்டுவிட்டு, "கூட்டமா இருக்கு, நீ வேலையப் பாரு, நா வாரேன்" என்று கிளம்பினார்.

தேர்வு முடிவு வந்தது. எனக்கும் தோழிக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்கள். கணக்கில் எனக்கு அவளைவிட ஒரு படி கூடுதல். தோட்டத்தில் ஒரு பெண் அப்படித் தேர்ச்சி பெற்றது அதுவே முதல் தடவை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி என் மதிப்பெண்களை உரக்க வாசித்தாராம். துரைக்கும் சொல்லியனுப்பினார்கள்.

கல்லூரியிலிருந்து கடிதம் சில வாரங்கள் கழித்து வந்தது. அப்பாவே ஆபிசிலிருந்து வாங்கி வந்தார். உறையைப் பிரிக்காமல், மடிக்காமல், சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். நான் ஒரு தடவை மனத்துக்குள் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். அனுப்பிய பிரதிகள் அதிகாரம் பெற்ற ஒருவரால் உறுதி செய்யப்படவில்லை. விண்ணப்பம் முழுமையானதாகக் கருதப்படவில்லை. இந்த ஆண்டுக்கான மாணவர் சேர்க்கை முடிந்துவிட்டது.

அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப தொரை கவர்மெண்டு இல்லியா?" என்றார்.

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தோட்டம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம் என்றும், துரை அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர் என்றும், நம்மைப் போலத்தான் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா எழுந்து வெளியே போய், வாசலில் கவிழ்த்திருந்த ரப்பர் பால் வாளிகளை நிமிர்த்தித் திரும்பவும் கவிழ்த்துவைத்தார்.

அம்மா விடவில்லை. துரையிடமே போய்ச் சொல்லு, கல்லூரிக்கு அவர் ஒரு கடிதம் எழுதட்டும், இங்கிலீஷில் எழுதினால் கேட்பார்கள் என்றார். எனக்கும் அப்போது அது நடக்கக்கூடியதாகத் தோன்றியது. அப்பா திரும்பிப் பார்த்து, "அவருகிட்ட போயி, ஒங்க கையெழுத்து செல்லாதுங்க தொரைன்னு என்னயச் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டார். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

தோட்டத்தில் எந்தச் செய்தியும் நிற்காது. மறுநாள் பெரட்டில், பக்கத்து நிரையில் மரம் சீவுகிறவர், "என்னா அண்ணே, நம்ம தொரை கையெழுத்து தஞ்சோங் மாலிம் தாண்டுனா செல்லாதாமே" என்று கேட்டாராம். கோலாலம்பூர் போகும் வழியில் எங்கள் மாநிலத்தின் கடைசி ஊர் அது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார் என்று அம்மா சொன்னார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. அவர் கோபப்பட்டிருந்தால் வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருக்க முடியும்.

தோழிக்கு இடம் கிடைத்தது. ஈப்போ ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்பப் போனேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. பெட்டிகளை எண்ணி ஏற்றிவைத்தேன். ரயில் போன பிறகு அவளுடைய அப்பா என்னோடு நடந்து வந்தார். என் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்பது அன்றுதான் மகள் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் வீட்டுக்கே வந்து கையெழுத்து வைச்சுத் தந்திருப்பனே, பிள்ளை. ஏன் பிறகு வரேல்லை?" என்றார்.

நல்ல மனிதர். உண்மையாகவே வந்திருப்பார். புல் வெட்டும் ஆள், குழாயடி, தேநீர் எல்லாம் அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வேலை இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கல்லூரி அந்தந்த ஆண்டு தேர்வெழுதியவர்களை மட்டுமே எடுத்தது. ஆறாம் படிவம் போய், பிறகு பல்கலைக்கழகம் என்றால் ஆறேழு ஆண்டுகள். அப்பாவுக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். நான் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஈப்போவிலேயே இரண்டு ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். டிப்ளோமாவுக்கு அது ஒரு படி கீழே. முடித்தால் டெக்னீஷியன்.

இந்தத் தடவை பிரதிகளைத் தலைமையாசிரியையிடம் நானே கொண்டுபோனேன். கிளம்பும்போது தகரப் பெட்டியின் மேல் இருந்த என் தாள்களை எடுத்துத் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். அவர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அம்மாவ எடுக்கச் சொல்லு, என் கை அழுக்கு" என்றார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு என் தாள் எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோதும் நான் படித்துச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு அம்மாவிடம், வெவரம் தெரிஞ்சவங்க யாருகிட்டயாச்சும் ஒருதடவ காட்டிக்கச் சொல்லு என்றார்.

தோழி முதலில் வாரம் ஒரு கடிதம் எழுதினாள். நில அளவைக் கருவிகளைப் பற்றி, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி. நானும் அதே கருவிகளைத்தான் படித்தேன். ஆனால் எனக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள், அவளுக்கு அவை ஏன் அப்படி இயங்குகின்றன என்று கற்றுக்கொடுத்தார்கள். அவள் கடிதங்களில் இருந்த கணக்குகளைப் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் விடை சரியாக வந்தது. அவள் பட்டப் படிப்புக்குப் போன பிறகு கடிதங்கள் குறைந்தன. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் எங்கள் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. மரங்களை வெட்டி, நிலத்தைச் சமப்படுத்தி, வரிசை வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்கள். துரைக்கும் அதோடு வேலை முடிந்தது. பங்களாவை விட்டுப் போவதற்கு முன் பெரட்டுக் களத்தில் அவருக்கு ஒரு பிரிவுபசாரம் வைத்தார்கள். ஆரஞ்சுச் சாறு, முறுக்கு, ஒரு மாலை. மாலை போடச் சொல்லித் தோட்டத்தில் மூத்தவரான அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

துரை மாலையை வாங்கிக்கொண்டார். வேலையில் சேர்ந்த புதிதில் தமிழ் படித்துப் பரீட்சை எழுதியவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மவளுக்கு நா கையெழுத்து போட்டேனே, காலேஜ் கெடச்சிச்சா?" என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். பெரட்டில் அன்று சிரித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"கெடச்சிருச்சிங்க தொரை. ஒங்க கையெழுத்தப் பாத்ததும் குடுத்துட்டாங்க" என்றார் அப்பா.

துரையின் முகம் மலர்ந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என்ன படித்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கட்டுமானப் பொறியியல் என்றேன். அது பொய்யில்லை. அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பெண் எஞ்சினியர், நம் தோட்டத்துப் பெண் என்றார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது அம்மா முன்னால் போய்விட்டார். அப்பா என் பக்கத்தில் மெதுவாக வந்தார். கல்லூரிக் கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அந்தக் கையெழுத்தைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறந்தது அத்தனை வருடத்தில் அன்று ஒரு தடவைதான்.

"அவரு நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டாரு. வீட்ட விட்டுப் போற மனுசன்கிட்ட போயி வேற என்னாத்த சொல்றது" என்றார்.

எங்கள் வீட்டைக் காலி செய்யவும் அந்த மாதக் கடைசிதான் கெடு.